நம்பும்படியாக ஒரு கணவன்

தான் எழுதிய நாவலைத் தானே எழுதவில்லையோ என்று ஒரு மனிதருக்குச் சந்தேகம் வந்தால், அதை அவர் யாரிடம் போய்ச் சொல்வார்? பதிப்பகத்தின் சின்ன அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த பல்செட்டுக்காரர் யாரிடமும் சொல்லவில்லை. கையில் இருந்த பக்கத்தை மூன்றாவது தடவையாகப் படித்துவிட்டு, "ம்" என்றார்.

அந்த "ம்" அவருடைய நிரந்தரச் சொத்து. பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் லேபில், காலையிலிருந்து மாலைவரை முகமூடி கட்டிக்கொண்டு மெழுகில் பல் நடுகிறவருக்கு அதற்கு மேல் பேச்சு தேவைப்படுவதில்லை. வீட்டுக்கு வந்தால் முகமூடியைக் கழற்றுவார். "ம்" மட்டும் அப்படியே இருக்கும்.

"என்ன சார், ம்முங்கறீங்க?" என்றார் எதிரே இருந்த எடிட்டர் அம்மா. எழுத்தாளர்களை அழவைத்து அனுப்புவதில் பெயர் வாங்கியவர். அழுதுகொண்டு போனவர்கள் எல்லாம் நல்ல புத்தகத்தோடு திரும்பி வந்திருக்கிறார்கள் என்பதால் யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. "மத்தவங்க எல்லாரும் அவங்கவங்க காலால நடக்கறாங்க சார். அந்த மச்சினன் இருக்கானே, பேசிக்கிட்டே நம்ம தட்டுல கை வச்சுடுவானோன்னு பயமா இருக்கு. மாடி வீட்டு டீச்சர் வந்தாலே எனக்குக் காது வலிக்குது. இந்தப் புருஷன்காரன் மட்டும்தான் நிக்கவே மாட்டேங்கறான். ஒரு பக்கத்துல கல்லு, அடுத்த பக்கத்துல கல்கண்டு. நான் எதை நம்பறது?"

பல்செட்டுக்காரருக்கு மண்டை காய்ந்தது. மச்சினன் முழுப் பொய். அவர் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. மாடி வீட்டு டீச்சர், பஸ்ஸில் பின்னாலிருந்து கேட்ட ஒரு குரல்; முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை. மொத்த நாவலிலும் நிஜத்திலிருந்து அச்சு அசலாக எடுத்தது ஒரே ஒரு ஆளைத்தான். அது அந்தக் கணவன். அந்தக் கணவன் வேறு யாருமில்லை, இவரேதான்.

அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மற்றவர்கள் தங்களைப் பற்றி எழுதும்போது பவுடர் பூசிக்கொள்வார்கள், நாம் அப்படிச் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது பேப்பரிலிருந்து தலையைத் தூக்காதவன், மனைவி பேசினால் பாதியில் எழுந்து போகிறவன், ஒரு நல்ல வார்த்தைக்குக் கணக்குப் பார்க்கிறவன் என்று தன்னைத்தானே நார் நாராகக் கிழித்து எழுதியிருந்தார். ஆக, கல் அவர் எழுதியது. கல்கண்டு எங்கிருந்து வந்தது?

"இதைப் பாருங்க" என்று எடிட்டர் அம்மா பக்கங்களைத் திருப்பினார். மூன்று இடத்தில் சிவப்புக் கோடு. முதல் இடத்தில், மனைவிக்குக் காய்ச்சல் வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பரில் வந்த வாடகை வீட்டு விளம்பரங்களை விதவிதமான குரலில் கணவன் வாசிக்கிறான். ஒற்றை அறைக்கு ஒரு குரல், தோட்டத்தோடு கூடிய வீட்டுக்கு ஒரு குரல். அவள் வயிறு வலிக்கச் சிரிக்கிறாள். இரண்டாவது இடத்தில், விளிம்பு உடைந்த கோப்பை அவள் பக்கம் போகாமல் ஒவ்வொரு காலையும் பார்த்து எடுத்துக்கொள்கிறான். மூன்றாவதற்குச் சிவப்புக் கோடு இரட்டையாகப் போட்டிருந்தது. மனைவிக்குப் புதுச் சட்டை வாங்கி வந்தால், அவள் கழுத்து அரித்துச் சிவந்துபோகும் என்பதால், உள்ளே தைத்திருக்கும் லேபிளை அவள் போடுவதற்கு முன்பே உட்கார்ந்து நூல் நூலாகப் பிரித்து எடுக்கிறான்.

"எந்த ஊர்ல சார் இப்படி ஒரு புருஷன் இருக்கான்?" என்று கேட்டார் எடிட்டர் அம்மா. "இருந்தா விலாசம் குடுங்க, போய்ப் பாத்துட்டு வர்றேன்."

பல்செட்டுக்காரர் திருதிருவென்று முழித்தார். மூன்றில் ஒரு வரிகூட அவர் எழுதியது இல்லை. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் நாவலில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாது என்று எந்த எழுத்தாளர் சொல்லுவார்? "யோசிச்சுதான் எழுதினேன்" என்றார், மிடுக்காக.

"அப்போ இன்னொரு தடவை யோசிங்க. மூணு இடத்தையும் வெட்டிட்டா ஆளு நிமிர்ந்து நிப்பான். இந்த மாசம் அச்சுக்குப் போறதுல உங்களுக்கு இடம் வச்சிருக்கேன். திங்கக்கிழமைக்குள்ள இவனைச் சரிபண்ணிக் கொண்டாந்தா போகும். இல்லன்னா வேற ஒருத்தரோடது போயிடும்."

ஏற்கெனவே இரண்டு பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய நாவல். தாள்கட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தோஷமா பயமா என்று அவருக்கே பிடிபடவில்லை. மூன்று இடத்தை வெட்டுவது ஒரு வேலையே இல்லை. ஆனால் தன் வீட்டுக்குள் முன்பின் தெரியாத ஒரு ஆள் வந்து உட்கார்ந்திருந்தால், யாரப்பா நீ என்று கேட்காமல் எப்படி வெளியே அனுப்புவது?

பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு சந்தேகம் ஏறியது. தனக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிறதோ என்று முதலில் நினைத்தார். காலையில் வேலைசெய்த பல்செட்டில் எந்தப் பல் எந்த நிறம் என்று மனதுக்குள் ஒப்பித்துப் பார்த்தார், ஒன்றும் தப்பவில்லை. பதிப்பகத்தில் வேறு யாருடைய நாவலோ கலந்துவிட்டதோ? அப்படியானால் மச்சினன் பேர் எப்படிச் சரியாக இருக்கும்? கம்ப்யூட்டர் தானாக எதையாவது சேர்த்துவிடுமா என்று யோசித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டாரோ என்று வெட்கப்பட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கு அடியில் செருப்புப் பெட்டிகளில் அடுக்கியிருந்த கையெழுத்துப் பிரதியை இழுத்தார். அவர் பேனாவால்தான் எழுதுவார். வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் மனைவி, வேலைவிட்டு வந்தபின் அதை வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்துக்கொடுப்பாள். அடித்ததை அவர் படித்துப் பார்ப்பதே இல்லை. செய்த பல்லை எல்லாம் நாமே மாட்டிப் பார்க்கிறோமா என்பது அவர் வாதம். தவிர, அவள் வேலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. இத்தனை வருஷத்தில் எந்த வக்கீலின் கமாவையும் அவள் இடம் மாற்றியதில்லை. அதில் அவளுக்கு அவரைவிடப் பெரிய கர்வம்.

கையெழுத்தில் காய்ச்சல் இருந்தது, விளம்பரம் இல்லை. சாப்பாட்டு மேசை இருந்தது, உடைந்த கோப்பை இல்லை. லேபிள் என்ற சொல்லே எங்கும் இல்லை. பல்செட்டுக்காரர் அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சேர்த்தது அவள்தான். ஆனால் கமாவையே தொடாதவள் எதற்காக ஒரு முழு மனிதனைச் சேர்த்தாள்?

கேட்டிருக்கலாம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கதையில் பாதி மிச்சமாகியிருக்கும். ஆனால் கேட்கிற பழக்கம் உள்ள மனிதரா அவர்? அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமைவரை யோசித்தார்.

இப்படி ஒரு புருஷன் வேண்டும் என்று அவள் ஏங்குகிறாள் போல, நேரில் சொல்ல முடியாமல் நாவலில் சொல்லியிருக்கிறாள் என்று முதல்நாள் தோன்றியது. அது அவரைச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் அதைவிட மோசமாக ஒன்று தோன்றியது. விளம்பரத்துக்குக் குரல் மாற்றுவது, லேபிளை நூல் நூலாகப் பிரிப்பது இதெல்லாம் சும்மா உட்கார்ந்து கற்பனை செய்கிற விஷயமா? யாரோ செய்து பார்த்திருந்தால்தானே இவ்வளவு துல்லியமாக எழுத முடியும்? அந்த யாரோ யார்? அவள் வேலைசெய்யும் வக்கீல் பெண்டாட்டியை இழந்தவர், எப்போதும் இஸ்திரி கலையாத சட்டை போடுகிறவர் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வக்கீல் உட்கார்ந்து சட்டை லேபிள் பிரிப்பதைக் கற்பனை செய்து பார்த்தார். சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் பயம் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் காலை டீ குடிக்கும்போது மேசையைப் பார்த்தார். கோப்பைகளில் ஒன்று விளிம்பு உடைந்தது. அது அவள் முன்னால் இருந்தது. அவர் கையை நீட்டி அதைத் தன் பக்கம் இழுத்தார்.

"என்னங்க பண்றீங்க? அது உடைஞ்சது. உதட்டைக் கீறிடும்" என்று அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

சரி, இன்னொன்றைப் பார்க்கலாம் என்று பேப்பரைப் பிரித்து, தொண்டையைக் கனைத்து, "இரண்டு அறை, காற்றோட்டம், உடனே குடிவரலாம்" என்று கட்டைக்குரலில் வாசித்தார். அடுப்படிக்குப் போய்க்கொண்டிருந்தவள் சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். என்ன குற்றம் செய்தோம் என்று தெரியாமல் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, லேபுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஒரு டாக்டரின் கிளினிக்குக்கு மெழுகுப் பல்செட் எடுத்துக்கொண்டு போகவேண்டி இருந்தது. பல்செட்டை முடிப்பதற்கு முன், மெழுகில் நட்டபடியே ஒருமுறை நோயாளி வாயில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த டாக்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு நோயாளி தனியாக வரக்கூடாது. கூட வீட்டு ஆள் ஒருவர் வரவேண்டும். வந்தவர் ரிட்டயரான ரயில்வே கார்டு, மனைவியோடு வந்திருந்தார். மெழுகுப் பல்லை வாயில் வைத்ததும் கண்ணாடியை வாங்கிப் பார்த்து முகம் மலர்ந்துபோனார். பல் வரிசை அத்தனை நேர்.

"அம்மா, இது உங்க வீட்டுக்காரர் சிரிப்புதானா?" என்று டாக்டர் கேட்டார்.

அந்த அம்மா தலையை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது யாரோ" என்றார். "இவருக்கு முன்பல்லு ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு லேசா ஏறி இருக்கும். சிரிச்சா கீழ் உதடு அதுல மாட்டும்."

"என் வாயி எனக்குத் தெரியாதா?" என்றார் கார்டு, மெழுகு வாயோடு.

"நீங்க கண்ணாடியில எப்பவாவது பாத்தீங்க. நான் எதிர்ல உக்காந்து தினம் பாத்தேன்."

டாக்டர் பல்செட்டுக்காரரைப் பார்த்தார். அவர் "ம்" என்று மெழுகுக் கத்தியைச் சூடுபடுத்தி, முன்பற்களில் ஒன்றை ஒரு நூல் அளவுக்குத் திருப்பி ஏற்றி வைத்தார். மறுபடி வாயில் வைத்ததும் அந்த அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. இந்தக் காட்சியைப் பல்செட்டுக்காரர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு மட்டும் கருவிகளைப் பையில் போடும்போது கை ஓடவில்லை.

சாயங்காலம் மனைவி வந்து பையைக்கூட வைக்கவில்லை, அவர் சிவப்புக் கோடு போட்ட பக்கங்களை நீட்டினார். "இதெல்லாம் நீயா எழுதினே?"

அவள் வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. "ஆமா. விட்டுப்போச்சேன்னு சேர்த்தேன்."

"என்ன விட்டுப்போச்சு?"

"வக்கீல் சார் அவசரத்துல எழுதுவாரு. கட்சிக்காரரோட அப்பா பேரு, கதவு எண்ணு எல்லாம் விட்டுப்போயிடும். நான்தான் ஃபைலைப் பாத்து நிரப்புவேன். ஏன் நிரப்பினேன்னு ஒரு நாளும் அவர் கேட்டதில்ல. உங்க கமா எதையும் நான் தொடலையே?"

"அது விவரம்மா. இது கதை."

"புருஷன் நீங்கதானே? பல்லு கட்டற வேலைன்னு போட்டிருக்கீங்க, குரல் அப்படி, கோபம் அப்படி, எல்லாம் நீங்கதான். சரி, மறந்துட்டீங்க போலன்னு நெனச்சேன். இதெல்லாம் இல்லன்னா அந்தப் பொம்பள எதுக்குங்க அந்த வீட்டுலயே கெடக்கறா? அடிக்கும்போதே எனக்கு இடிச்சுச்சு. படிக்கறவங்க அவளைப் பைத்தியக்காரின்னு நெனைக்க மாட்டாங்களா?"

"எதெல்லாம் இல்லன்னா?"

"நீங்க பண்ணினதெல்லாம்."

பல்செட்டுக்காரர் சிரித்துவிட்டார். "நானா? நான் உக்காந்து லேபிள் பிரிச்சேனா?"

அவளும் சிரித்தாள். அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தாள். பிறகு அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"நிஜமாவே ஞாபகம் இல்லையா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் கண்ணில் அவர் பார்த்தது கோபம் அல்ல. கோபமாக இருந்திருந்தால் அவருக்குப் பழக்கம் உண்டு, சமாளித்திருப்பார். பத்திரமாக எடுத்துவைத்திருந்த ஒன்று தன்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்துபோன துக்கம் அது.

"எடுத்துடுங்க" என்றாள் அவள், பக்கங்களைத் திருப்பிக் கொடுத்து. "நீங்களே நம்பலைன்னா வேற யாரு நம்புவா? புத்தகம் வரட்டும்."

சனிக்கிழமை லேபுக்கு விடுமுறை. வக்கீல் ஆபீஸில் மதியம்வரை வேலை. மனைவி போனபின் பல்செட்டுக்காரர் சிவப்புக் கோடு போட்ட பக்கங்களை மேசைமேல் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார், மூடினார். வெட்டிவிட்டால் திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகும். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அதேசமயம், செய்தது ஞாபகமே இல்லாத காரியத்தை நான்தான் செய்தேன் என்று எப்படி ஒப்புக்கொள்வது? யோசித்து யோசித்துத் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம். கடைசியில் எழுந்துபோய் அவளுடைய அலமாரியைத் திறந்தார்.

அடியில் இருந்த பழைய உடுப்புகளிலிருந்து தொடங்கினார். வெளிறிப்போன ஒரு நீலச் சட்டை. கழுத்தின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். லேபிள் இல்லை. அடுத்தது பூப்போட்ட சட்டை, அதிலும் இல்லை. சாம்பல் நிற ஸ்வெட்டரிலும் இல்லை. பல் வேலைக்குப் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார். லேபிள் இருந்த இடத்தில் ஊசித்துளைகள் ஒரே வரிசையாக இருந்தன. தைத்த நூல் மட்டும் போயிருந்தது, துணியில் ஒரு கீறல் இல்லை. கத்தரிக்கோலுக்கு இந்த வேலை வராது. மெழுகைச் செதுக்குகிற மெல்லிய பிளேடாலும், பல் இடுக்கில் வேலைசெய்து பழகிய விரலாலும் மட்டும்தான் வரும். அவருக்கு வேலை அடையாளம் தெரிந்தது. செய்த ஆளைத்தான் தெரியவில்லை.

மேல் தட்டுக்கு வந்தார். ஒரு பழுப்புச் சட்டை. அதில் லேபிள் இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. இன்னொன்றில் அவளே கத்தரிக்கோலால் வெட்டப் பார்த்திருக்கிறாள். பாதி வெட்டுப்பட்டு, மொரமொரவென்று ஒரு விளிம்பு நின்றது, தொட்டால் குத்தியது. ஆபீஸுக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டையில் லேபிளின் மேல், கழுத்தில் உரசாமல் இருக்க, மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பல தடவை துவைத்ததில் ஓரம் சுருண்டு அழுக்கேறியிருந்தது.

பல்செட்டுக்காரர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். தன்னைத்தானே நார் நாராகக் கிழித்து எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தாரே, அந்த நாவலில் இந்தப் பிளாஸ்திரி இல்லை. நல்லதும் தெரியாமல் கெட்டதும் தெரியாமல் அவர் யாரைத்தான் எழுதி வைத்திருந்தார்? வெட்கத்தில் காது சுட்டது.

எழுந்து எடிட்டர் அம்மாவுக்குப் போன் செய்தார். "அந்த மூணு இடத்தையும் எடுக்க மாட்டேன்மா" என்றார். முன்பின் யோசிக்காமல் வந்துவிட்டது. "அவன் அதெல்லாம் செஞ்சவன்தான்."

அந்தப் பக்கம் எங்கோ தட்டச்சு ஓடிக்கொண்டிருந்தது. "சரி, செஞ்சான்னே வச்சுக்குவோம்" என்றார் எடிட்டர் அம்மா. "அப்போ எப்ப விட்டான்? லேபிள் பிரிச்சவன் ஒரு நாள் பிரிக்காம விட்டிருக்கணும்ல? அந்த நாளை எழுதுங்க. கல்லும் கல்கண்டும் ஒரே ஆள்னு அப்பதான் நம்புவேன். எப்ப விட்டான்?"

"தெரியலை."

"ஆளை எழுதறவர் நீங்க. தெரியலைன்னா யாரைக் கேக்கறது?"

பல்செட்டுக்காரருக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் போனில் சொல்லவில்லை.

மனைவி வந்தபோது கட்டில்மேல் அலமாரியே கொட்டிக் கிடந்தது. நடுவில் அவர், நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, மடியில் வெள்ளைச் சட்டையும் கையில் பிளேடுமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தட்டில் லேபிள்கள். பழுப்புச் சட்டையை மட்டும் தொடாமல் தனியாக வைத்திருந்தார்.

"என்னங்க இது, வீடு மாத்தறோமா?"

"லேபிள்" என்றார்.

அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு மெல்ல வந்து, அவர் முடித்துவைத்திருந்த ஒரு சட்டையை எடுத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். "துணியையே கிழிச்சு வச்சிருக்கீங்க."

"கை பழக்கம் விட்டுப்போச்சு."

"ஆமா, விட்டுப்போச்சு" என்றாள். பையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் பழுப்புச் சட்டையை எடுத்து நீட்டினார்.

"இதுக்கு முன்னாடி எதுலயும் லேபிள் இல்ல. இதுலேருந்து எல்லாத்துலயும் இருக்கு. இதை எப்ப வாங்கினோம்?"

"ஞாபகம் இல்லையா?"

"இல்ல. நீ சொல்லு."

அவள் சட்டையை வாங்கி மடியில் வைத்து நீவினாள். "நீங்க நாவல் எழுதப் போறேன்னு மொதமொதல்ல தாள்கட்டு வாங்கினீங்களே, அன்னிக்குத்தான். ரெண்டும் ஒரே பையில வந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் தாளை எடுத்துக்கிட்டு மேசைக்குப் போயிட்டீங்க. சட்டை பையிலயே இருந்துச்சு. ரெண்டு நாள் வச்சிருந்தேன், எடுப்பீங்கன்னு. அப்புறம் ஆபீஸுக்கு நேரமாச்சு, அப்படியே போட்டுக்கிட்டுப் போயிட்டேன்."

தாள்கட்டு பல்செட்டுக்காரருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதன் கனம், பிரித்தபோது வந்த வாசனை, முதல் தாளில் எழுதிய முதல் வாக்கியம் எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒரு கணவனைப் பற்றிய வாக்கியம் அது. அந்தப் பையில் வேறு என்ன இருந்தது என்பது மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை. அவருக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அவள் எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். முடியை ஒரு கையால் அள்ளி முன்னால் போட்டுக்கொண்டாள். "இப்ப போட்டிருக்கறதுலயும் இருக்கு" என்றாள்.

கழுத்துப் பட்டியை மெதுவாக மடக்கினார். அங்கே தோல் ஒரு கோடுபோலச் சிவந்து தடித்திருந்தது. பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பிளேடை நூலுக்கு அடியில் கொடுத்தார். கை நடுங்கியது.

"ஆடாம உக்காரு."

"நான் ஆடலைங்க."

நூல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது. கடைசி நூலும் அறுந்து லேபிள் உள்ளங்கையில் விழுந்தபோது, துணியில் இந்த முறை கீறல் இல்லை. அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"இதைக் கொண்டுபோய் எழுதிடாதீங்க. யாரும் நம்ப மாட்டாங்க."

"ம்" என்றார் அவர்.